ராமேஸ்வரம் போனால் ஒரு காலையைப் பிள்ளைகளுக்குக் கொடு!

கண்ணு, ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. குண்டடத்திலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை என்று ஏறக்குறைய 300 கிலோமீட்டர். திதி கொடுத்து, 22 தீர்த்தமும் ஆடியதும் வண்டியைத் திருப்பிவிடாதே. சோளக்காட்டையும் ஆட்டுப்பட்டியையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு காலை கடற்கரையைக் காட்டு.

எந்தக் கரை?
மண்டபத்துக்காரர்கள் பாக் விரிகுடாப் பக்கத்தை வடகடல் என்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். நம் ஊர்க் காற்றாலையைச் சுற்றவைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் ஆடியில் தென்கடலைப் பொங்கவைக்கிறது. அப்போது வடகடல் குளம் போலக் கிடக்கும். உச்சிப்புளி அருகே அரியமான் கரைக்குப் போ. பனியன் கம்பெனிக்குப் பொங்கல் லீவு விடும்போது போனால் தலைகீழ்: வாடைக்காற்றில் வடகடல் புரளும், தென்கடல் அடங்கியிருக்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் எந்த மாதமானாலும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதே.

எந்த நேரம்?
அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். இறங்கியிருக்கும்போதுதான் பார்ப்பதற்கு நிறைய இருக்கும். வலை காயப்போடுபவர்களிடம் "அண்ணே, தண்ணி எப்ப வத்தும்?" என்று கேள். தினமும் அந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய கணக்கு இன்றைக்கு ஆகாது.

ஒரு பாய் அகல இடம் போதும்
கரை முழுக்க ஓடவிடாதே. ஒரு நண்டு வளைக்குப் பக்கத்தில், நிழல் அதன்மேல் விழாமல், காலை அசைக்காமல் ஐந்து நிமிடம் உட்கார வை. முதலில் காம்பு போல நிற்கும் இரண்டு கண்கள் எட்டிப் பார்க்கும்; பிறகுதான் நண்டு வரும். அந்த ஐந்து நிமிடப் பொறுமையைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

நாடா போல ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லையும் காட்டு. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வது இதைத்தான். "கடலுக்குள்ளேயும் ஒரு கொறங்காடு இருக்கு சாமி" என்று சொல், நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். இந்த மேய்ச்சலைக் காக்கத்தான் 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். இந்தியாவிலேயே அதுதான் முதல்.

சங்கைக் கரையிலேயே விடு
ஒருமுறை என் சின்னவன் கவர் நிறையச் சங்கு பொறுக்கி வந்தான். வீடு வந்து திறந்தால் நாற்றம். உள்ளே துறவி நண்டு செத்துக் கிடந்தது. அவன் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. துறவி நண்டின் வயிற்றுப் பகுதி மெத்தென்றிருக்கும். காலிச் சங்குதான் அதற்குக் கவசம். வளர வளர, சைஸ் பத்தாத பனியனை மாற்றுவதுபோல, பெரிய சங்குக்கு மாறும். நாம் காலிச் சங்கை அள்ளி வந்தால் அது எங்கே போகும்? பிள்ளைகள் எண்ணட்டும், வரையட்டும், வைத்துவிட்டு வரட்டும். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை மூன்றும் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. கடையில் காட்டினாலும் வாங்காதே.

தொடவே கூடாதவை
* சொறி எனப்படும் ஜெல்லி மீனும் நீலப் பலூன் போல ஒதுங்கிக் கிடப்பதும், செத்த பிறகும் கொட்டும். பட்டுவிட்டால் மணலால் தேய்க்காதே, குடிதண்ணீர் ஊற்றாதே. கடல் தண்ணீரால் அலசி, ஒட்டிய இழையைக் கை படாமல் எடுத்துவிட்டு டாக்டரிடம் போ.
* உயிருள்ள கூம்பு வடிவச் சங்குக்கு விஷ ஊசி உண்டு.
* உப்பிக் கிடக்கும் பேத்தை மீனும் விஷம்.

பையில் என்ன?
பழைய ஷூ, தொப்பி, குடிதண்ணீர், ஒரு பூதக்கண்ணாடி, கால் துடைக்கக் கொஞ்சம் கட்டிங் வேஸ்ட் துணி. புரட்டிய கல்லை அப்படியே திருப்பி வைக்கப் பழக்கு. இல்லாவிட்டால் அதன் அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் காய்ந்து செத்துவிடும்.

ஊர் வந்ததும் என்ன பார்த்தோம் என்று நீ சொல்லாதே. அம்முச்சி மடியில் உட்கார்ந்து பிள்ளைகளே சொல்லட்டும். அந்த நண்டின் கண்களைக் கைவிரலால் காட்டுவார்கள் பார்.