அலெக்சாந்திரியாவில் கீழே இறங்குங்கள்

எகிப்துக்குப் போகிறவர்கள் பிரமிடைப் பார்த்த கையோடு அலெக்சாந்திரியாவுக்கு ஒரே ஒரு பகலை ஒதுக்குகிறார்கள். கெய்ரோவிலிருந்து ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரம்தானே என்ற நினைப்பு. இரண்டு இரவாவது தங்குங்கள் என்பேன். கி.மு. 331-இல் அலெக்சாந்தர் நிறுவிய ஊர் நம் கண்ணெதிரே நிற்பதில்லை. மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் கிடக்கிறது. அவசரக்காரர்கள் "இவ்வளவுதானா?" என்று திரும்புவது இதனால்தான்.

காலையில் கூட்டம் சேருமுன் கோம் எல் ஷுகாஃபா நிலவறைக் கல்லறைகளுக்குப் போய்விடுங்கள். 1900-இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்து வெளிப்பட்ட இடம் என்பார்கள். சுழல் படிக்கட்டின் நடுவே கிணறு மாதிரி ஒரு துவாரம். சடலத்தைக் கயிற்றில் கட்டி அதன் வழியாகத்தான் இறக்கினார்கள். கீழே, செத்தவரைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் சாய்ந்துகொண்டு விருந்துண்ட கல் திண்ணைகள். இன்னும் உள்ளே போனால் நரித்தலை அனுபிஸ் ரோமானியச் சிப்பாய் உடுப்பில் நிற்கிறார்! எகிப்தும் ரோமும் எப்படிக் கலந்தன என்பதை எந்த வழிகாட்டியும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அங்கே அரைமணி நேரம் நின்றேன்.

பக்கத்திலிருக்கும் பாம்பே தூணுக்குப் பத்து நிமிடம் போதும்.

கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகம் நெடுங்காலம் மூடிக் கிடந்து 2023-இல் திறந்தது, தவறவிடாதீர்கள். நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: முசிறியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குச் சரக்கேற்றிய கப்பலைப் பற்றிய கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸை இந்த ஊரில் தேடி அலைய வேண்டாம், அது வியன்னாவில் இருக்கிறது.

இந்த ஊரின் பழங்காலக் கலங்கரை விளக்கம் 14-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் சிதைந்தது. அதே இடத்தில் 1477-இல் எழுந்ததுதான் கைத்பே கோட்டை. அறைகளைச் சுற்றுவதைவிட, வெளியே கடற்பக்கம் நில்லுங்கள். விளக்கத்தின் கற்கள் அந்த நீருக்கடியில்தான் கிடக்கின்றன. குளிர்காலமென்றால் மழைக்கோட்டு அவசியம்; புயல் நாட்களில் அலை கடற்கரைச் சாலைக்கே ஏறிவிடும்.

2002-இல் திறந்த புதிய நூலகத்துக்குள் பையைக் கொண்டுபோக விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை நேரம் மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்கு அன்ஃபூஷி பகுதிக்குப் போங்கள். மீனை நீங்களே பொறுக்கலாம். எடையையும் விலையையும் பொரிப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள்; ரொட்டிக்கும் எள் சட்னிக்கும் தனிக் காசா என்றும் கேட்டுவிடுங்கள்.