மூளை ஸ்கேன் ஆய்வுக்கு வரும் இளம் ஆய்வாளருக்கு



செயல்படும் மூளையைக் காட்டுவதாகச் சொல்லப்படும் எஃப்.எம்.ஆர்.ஐ. உண்மையில் அளப்பது இரத்தத்தை. நரம்பணுக்களின் மின்துடிப்பு எதையும் அந்தக் கருவி நேரடியாகப் பதிவதில்லை. மூளைப் படத்தின் மேல் தெரியும் சிவப்பும் மஞ்சளும் கணினி கடைசியாகப் பூசியவை. அதற்கு முன்னால் இயற்பியல், உடலியல், புள்ளியியல் என்று மூன்று படிகள் இருக்கின்றன. எந்தப் படி சறுக்கினாலும் நிறம் மட்டும் அதே அழகோடு நிற்கும். இத்துறைக்கு வருபவர் முதலில் பழக வேண்டியது, நிறத்திலிருந்து பின்னோக்கி நடந்து பார்ப்பதற்கு.

மூன்றில் இயற்பியல்தான் உறுதியான படி. உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். வலுவான காந்தப்புலத்தில் அது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழலும். ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லா கருவியில் ஏறத்தாழ 128. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தி நிறுத்தினால், அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சிக்னல் ஒன்று கிடைக்கும். ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் 1946இல் தனித்தனியே கண்ட இந்த நிகழ்வு, நெடுநாள் வேதியியலாளர்களின் கருவியாகவே இருந்தது. காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றி அமைத்தால் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொள்ளலாம் என 1973இல் பால் லாட்டர்பர் காட்டினார். விரைவாகப் படமெடுக்கும் வழியை பீட்டர் மான்ஸ்ஃபீல்டு தந்தார். 2003இல் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் கிடைத்தது.

இரத்தத்தின் பங்கு அதைவிடச் சிக்கலானது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வேறுவேறாக நடந்துகொள்கின்றன என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் 1936இலேயே கண்டிருந்தனர். ஆக்சிஜனை இழந்தது தன்னைச் சுற்றியுள்ள புலத்தைக் குலைக்கும். அங்கே சிக்னல் மங்கும். பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா 1990இல் இந்த வேறுபாட்டை எலிகளின் மூளைப் படத்திலேயே காட்டினார். 1992இல் அமெரிக்கக் குழுக்கள் சில மனிதரிடமும் அதைக் கண்டன. புதியவர் பலர் குழம்புவது இங்கேதான். வேலை செய்யும் பகுதி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்றால் சிக்னல் குறையத்தானே வேண்டும்? நடப்பது நேர்மாறு. தேவைக்கு மிஞ்சிய புது இரத்தம் அங்கே பாய்வதால் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினின் அளவு குறைந்து, சிக்னல் ஏறுகிறது. அந்த ஏற்றமும் வழக்கமாகச் சில விழுக்காடுதான். உச்சத்தைத் தொட ஐந்தாறு விநாடி பிடிக்கும். நரம்பணுவின் துடிப்போ மில்லிவிநாடிகளில் முடிந்துபோகிறது. படத்தின் மிகச் சிறிய கூறான வாக்சல் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் அதற்குள் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கும்.

இவ்வளவு சிறிய ஏற்றத்தை எது வேண்டுமானாலும் கெடுக்கலாம். காபி மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மூச்சும் இதயத்துடிப்பும் சிக்னலில் கலக்கும். எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது தலையசைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அசைவே போதும். பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிகம் அசைவார்கள் என்பதால், வளர்ச்சியால் வந்தவை என்று கருதப்பட்ட சில வேறுபாடுகளில் அசைவின் பங்கும் இருந்ததை 2012இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஒவ்வொருவரின் மூலத் தரவையும் ஓடவிட்டுக் கண்ணால் பார்க்காமல் எந்தக் கணக்கையும் தொடங்கக் கூடாது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைப்பவர் தம் தரவை அறிந்தவர் ஆகமாட்டார்.

புள்ளியியலில் எச்சரிக்கைகள் ஏராளம். 2009இல் கிரெய்க் பென்னட்டும் உடன் ஆய்வாளர்களும் இறந்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினர். ஆயிரக்கணக்கான வாக்சல்களைத் தனித்தனியே சோதித்து, அதற்கான திருத்தம் செய்யாமல் விட்டபோது, அந்த மீனின் மூளையிலும் ‘செயல்பாடு’ தென்பட்டது. ஐம்பதாயிரம் வாக்சல்களை 5 விழுக்காட்டு வரம்பில் சோதித்தால் வெறும் தற்செயலாகவே ஏறக்குறைய 2,500 தேறிவிடும் என்பது எளிய கணக்கு. திருத்தம் செய்தாலும் அது சரியான திருத்தமா என்று பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் மென்பொருள்களின் சில அமைப்புகள் 5க்குப் பதிலாக 70 விழுக்காடு வரை பொய்யான முடிவு தரக்கூடும் என்று ஆண்டர்ஸ் எக்லுண்டின் குழு 2016இல் கண்டது. 2020இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து 9 கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை. பல கேள்விகளில் விடையும் ஒத்துப்போகவில்லை. ஆகவே பகுப்பாய்வின் வழியைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்வது நேர்மையான நடைமுறை. மூளை அமைப்பை மனிதரின் குணத்தோடும் அறிவாற்றலோடும் இணைக்கும் ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று கூறியது. இருபது பேரை வைத்து அப்படியொரு முடிவை எழுதும் ஆசையைத் துறக்க வேண்டும்.

நன்கு வடிவமைத்த சோதனையால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு ஏட்ரியன் ஓவனின் பணி சான்று. விபத்துக்குப் பின் தன்னுணர்வு இல்லாதவராகக் கருதப்பட்ட இளம்பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகவும் வீட்டுக்குள் நடப்பதாகவும் மாறிமாறிக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமாக இருப்போரிடம் காணும் அதே பகுதிகள் அவரிடமும் செயல்பட்டன. 2006இல் அது வெளியானது. 2010இல் இத்தகையோரும் குறைந்த உணர்வு நிலையில் இருந்தோருமான 54 பேரைச் சோதித்ததில் ஐவரின் மூளை அவ்வாறு செயல்பட்டது. ஒருவர் அந்தக் கற்பனைகளைக் கொண்டே ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடையும் தந்தார். படத்தில் ஒரு பகுதி ஒளிர்ந்தது, எனவே ஒருவர் அஞ்சுகிறார் என்று ஊகிப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஸ்கேனருக்குள் படுப்பவரின் பாதுகாப்பு ஆய்வாளரின் பொறுப்பு. மீக்கடத்துக் காந்தம் இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்கும். 2018இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேனர் அறைக்குள் போனவர் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். தமிழ்நாட்டில் தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கைப் பற்றியும் மறவாமல் கேட்க வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, எஃகு ஊக்கை இழுக்கும். நலமாக இருப்பதாக நம்பி ஆய்வுக்கு வருவோரில் ஏறத்தாழ 37 பேருக்கு ஒருவரின் மூளையில் எதிர்பாராத மாறுபாடு தென்படுகிறது என்று 2009இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதை யார் பார்ப்பது, யார் சொல்வது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பதை முதல் ஆளை ஸ்கேன் செய்வதற்கு முன்பே முடிவு செய்து, ஒப்புதல் படிவத்திலும் எழுதியிருக்க வேண்டும்.