பழைய இரும்போடு போன கோபால்ட்

மாணவர்களே, நம் நாகலாபுரம் தெருவில் பழைய இரும்பு வாங்குபவர் வந்தால் என்னென்ன எடுத்துப் போடுகிறோம்? தேய்ந்த கொழு, ஓட்டை வாளி, துருப்பிடித்த மண்வெட்டி! அவை கோவில்பட்டிக் கடைகளுக்குப் போய், பல கை மாறி, கடைசியில் உருக்காலையை அடைகின்றன. இந்த வழியில் கதிரியக்கப் பொருள் ஒன்றும் கலந்துவிட்டால்? 2010-ஆம் ஆண்டு டெல்லியில் அதுதான் நடந்தது.

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 'காமா செல்' என்னும் ஆய்வுக் கருவி இருந்தது. கனத்த ஈயக் கவசத்துக்குள் கோபால்ட்-60 அடங்கிய மெல்லிய பென்சில்கள். 1985-க்குப் பின் அது பயன்படாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய சாமான் என்று ஏலத்தில் போயிற்று. மாயாபுரிச் சந்தையில் தொழிலாளர்கள் அதன் கவசத்தைப் பிரித்தனர். சில வாரங்களில் சிலருக்குத் தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தார்.

“25 ஆண்டுகள் சும்மா கிடந்த கருவிதானே?” என்று கேட்பீர்கள். மின்விளக்கை விசையைத் தட்டி அணைக்கலாம். அணுக்கருவுக்கு அப்படி ஒரு விசை கிடையாது. கோபால்ட்-60 இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். அதாவது, அந்தக் காலம் கழிந்தால் கதிரியக்கம் பாதியாகும். மேலும் அவ்வளவு காலம் கழிந்தால் கால் பங்காகும். ஐந்து அரை ஆயுள்கள் முடிய 26 ஆண்டுகளுக்கு மேலாகும். அப்போது மிஞ்சுவது 1/32 பங்கு. எனவே 25 ஆண்டுகளில் அதைவிடச் சற்று அதிகமாகவே மிஞ்சியிருக்கும். ஓர் உயிரைக் குடிக்க அது போதுமானதாக இருந்தது!

தொலைவும் முக்கியம். சிறிய கதிர்மூலத்திலிருந்து வரும் கதிர்களின் செறிவு, தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். 1 மீட்டரில் இருப்பதைவிட 1 செ.மீ. தொலைவில் அது 10,000 மடங்கு! சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். காமாக் கதிர்களுக்கு நிறமில்லை, மணமில்லை, பட்டவுடன் வலிப்பதுமில்லை.

இத்தகைய கதிர்மூலங்கள் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் அன்றாடம் பயன்படுகின்றன. 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கம் ஒன்றின் அளவீட்டுக் கருவியிலிருந்து, 8 மி.மீ. உயரமே உள்ள சீசியம்-137 குப்பி வழியில் விழுந்துவிட்டது. 1,400 கி.மீ. சாலையைச் சல்லடை போட்டுத் தேடி, பிப்ரவரி 1 அன்று கண்டெடுத்தார்கள். தொலைந்தது தெரிந்ததால் தேடினார்கள். மாயாபுரியில் நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது.

கருவியை வாங்கியவர் ஓய்வு பெறுவார். அறையின் சாவி கை மாறும். பதிவேடு மட்டும் கதிரியக்கம் அடங்கும் வரை உயிரோடு இருக்க வேண்டும். பழைய உலோகத்தில் மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னத்தைக் கண்டால் தொடாதீர்கள். விலகிச் சென்று, ஆசிரியரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள்.

ஒரு கணக்கு: கோபால்ட்-60 இன் கதிரியக்கம் ஏறத்தாழ 1/1000 பங்காகக் குறைய எத்தனை ஆண்டுகள் ஆகும்? அத்தனை ஆண்டுகள் ஒரு பதிவேட்டைக் காக்க எத்தனை தலைமுறை ஊழியர்கள் வேண்டும்?