பேச்சுக்கு முந்திய கொடுக்கல் வாங்கல்



இம்முறை நாம் எழுதப் புகுவது வியாபார விஷயமன்று, வீட்டு விஷயம். ஆயினும் கடையில் நின்று பழகியவர்களுக்கு எளிதில் விளங்கக் கூடியதே. ஆட்டிசம் என்னும் தன்மையுள்ள சிறு பிள்ளைகள் பிறரோடு கலந்து பழகவும், தம் தேவையைத் தெரிவிக்கவும் வீட்டார் எவ்வாறு துணை நிற்பது என்பதே இப்பாடம்.

இதை எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தவிர நமக்கு வேறு படிப்பில்லை. பினாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். நம்முடைய தகுதியெல்லாம் நாம் செய்த ஒரு தவறுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நம் தம்பியின் மகன் நம் வீட்டிலேயே வளர்கிறான். இரண்டு வயதாகியும் அவன் ஒரு சொல் பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். ஆனால் பிஸ்கட் டின்னின் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருவான். வந்தவன் நம் முகத்தைப் பார்க்காமல், நம் கையைப் பிடித்திழுத்து டின்னின் மேல் வைப்பான். தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்குவான். ஒன்று கலைந்தாலும் ஒரே அழுகை. டாக்டரிடம் காட்டலாம் என்று அவன் தாயார் சொன்னபோது, "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், அவசரப்பட வேண்டாம்" என்று தடுத்தது நாமே. மூத்தவர் சொல்லாயிற்றே என்று அவர்களும் அடங்கிவிட்டார்கள். மூன்றரை வயதான பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்றரை ஆண்டு கைவிட்டுப் போயிற்று. இந்த நஷ்டத்தை எந்த ஐந்தொகையிலும் சரிக்கட்ட முடியாது.

பிறகு தம்பியோடும் அவர் மனைவியோடும் நாமும் பேச்சுப் பயிற்சியாளரிடம் பல மாதங்கள் போய் வந்தோம். அங்கே கேட்டறிந்ததையும், பின்னர் விசாரித்துத் தெரிந்து கொண்டதையும் இங்கே தருகிறோம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

இது நோயன்று, மூளை வளர்ச்சியில் ஏற்படும் ஒரு வேறுபாடு. பிறரோடு பழகுவதும், கருத்தைப் பரிமாறிக் கொள்வதும் இப்பிள்ளைகளுக்குக் கடினமாயிருக்கும். செய்ததையே திரும்பச் செய்வதிலும், ஒரு சில பொருள்களிலும் மட்டும் மனம் ஊன்றி நிற்கும். சத்தம், வெளிச்சம், துணியின் உரசல் முதலியவை சிலருக்குத் தாங்க முடியாத தொல்லையாகும். தமிழில் இதை 'மதியிறுக்கம்' என்றும் எழுதுகிறார்கள். பெயரைப் பார்த்து மதியில்லாதவர் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அறிவில் சிறந்தவரும் இவர்களில் உண்டு. வாழ்நாள் முழுதும் துணை வேண்டியவரும் உண்டு.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்னும் டாக்டர் 1943-ல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் இது மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தாயின் பாசக் குறைவே காரணம் என்று மேல்நாட்டு நிபுணர் பலர் சொல்லி வந்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் மனோதத்துவ அறிஞர், தாமே இத்தகைய மகனுக்குத் தந்தை, 1964-ல் ஒரு புத்தகம் எழுதி அக்கூற்றை மறுத்தார். 1977-ல் பிரிட்டனில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பரம்பரைக் கூறுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பது வெளிப்பட்டது. ஆகவே, "தாய் சரியாக வளர்க்கவில்லை" என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கிற பேச்சு, நிபுணர்கள் எப்போதோ கைவிட்ட பேச்சு.

இது அரிதானதும் அன்று. 2021-ல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நம் கடைக்கு வந்து போகும் ஜனத்தொகையை நினைத்துப் பார்த்தால், இத்தகைய வீடுகள் எத்தனை இருக்கும் என்பது தானே விளங்கும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

ஒரு வயதாகியும் மழலை ஒலி இல்லாமை, கையால் சுட்டிக் காட்டாமை, கையசைத்து விடை சொல்லாமை. 16 மாதமாகியும் ஒரு சொல்லும் இல்லாமை. இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாமை. எந்த வயதிலாயினும் வந்த பேச்சோ பழக்கமோ திரும்ப மறைதல். இவற்றில் ஒன்று கண்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இவை இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காது மந்தமாயிருந்தாலும் பேச்சு வராது. ஆதலால் காதுப் பரிசோதனையும் செய்வார்கள்.

பேச்சுக்கு முன்னே வருவது

நாம் கற்ற பாடங்களில் தலையாயது இதுதான்: பேச்சு பிறகு, பரிமாற்றம் முதலில். நம் முன்னோர் இக்கரைக்கு வந்தபோது மலாய் தெரியாது, சீனம் தெரியாது. ஆயினும் வியாபாரம் நடந்தது. வந்தவர் சரக்கைக் காட்டினார், இவர் விரலைக் காட்டினார், அவர் தலையசைத்தார், காசு கைமாறியது. மொழி பின்னர் வந்து சேர்ந்தது. பிள்ளைக்கும் அப்படியே. நான் ஒன்று கொடுத்தால் எனக்கு ஒன்று கிடைக்கும் என்பதை அவன் உணரும் நாளே அவன் முதல் வியாபாரம் தொடங்கும் நாள். இதற்கு வீட்டில் செய்யத்தக்கவை வருமாறு:

1. அவன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அவன் தரையில் தீப்பெட்டி அடுக்கினால் நாமும் தரையில், அவன் முகத்துக்கு நேரே உட்கார வேண்டும். "அதை விடு, இதை விளையாடு" என்று பிடுங்காமல், அடுத்த தீப்பெட்டியை நாம் எடுத்து நீட்ட வேண்டும். அவனுக்குப் பிரியமான காரியத்தில் நாம் உதவிக்கு வந்தால், நம்மை அவன் பொருட்படுத்தத் தொடங்குகிறான். கண்ணைப் பார் என்று மோவாயைப் பிடித்துத் திருப்புவது கூடாது.

2. குறைவாகப் பேசி, காத்திருக்க வேண்டும். நாம் ஒரே மூச்சில் பத்துக் கேள்வி கேட்கிறோம். அவனுக்கு ஒரு சொல்லை வாங்கிக் கொள்ளவே நேரம் வேண்டும். ஒரு சொல் சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்கச் சொன்னார்கள். கடைக்காரராகிய நமக்கு இதுவே மிகக் கடினமாயிருந்தது. அவன் பேசாதவனானால் ஒரு சொல்லில் பேசுக. அவன் ஒரு சொல் சொன்னால் நாம் இரண்டாக்கித் தருக. அவன் "பிஸ்கட்" என்றால் நாம் "பிஸ்கட் வேணும்" என்போம்.

3. கேட்பதற்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கேளாமலே கையில் கொடுத்துவிட்டால் அவன் எதற்காக நம்மை நாடுவான்? பிரியமான பண்டத்தைக் கண்ணில் படும்படி, ஆனால் தானே திறக்க முடியாத கண்ணாடிப் போத்தலில் வைக்கலாம். முழுப் பிஸ்கட்டைத் தராமல் ஒரு துண்டு தந்து காத்திருக்கலாம். ஒரு பார்வை, ஒரு கையசைவு, ஓர் ஒலி, எது வந்தாலும் அதுவே கேள்வி என்று ஏற்று உடனே கொடுத்துவிட வேண்டும். அழும்வரை இழுத்தடிப்பது பயிற்சியாகாது, அது வதை.

4. படம் கொடுத்துப் பண்டம் வாங்குதல். அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் என்னும் இருவர் 1985-ல் வகுத்த முறை இது. பிஸ்கட் படத்தை ஒரு சிறு அட்டையில் ஒட்டி வைப்போம். பிள்ளை அந்த அட்டையை எடுத்து நம் கையில் தந்தால், அக்கணமே பிஸ்கட் கொடுப்போம். முதலில் இருவர் வேண்டும்: ஒருவர் எதிரே பண்டத்தோடு இருப்பார், மற்றவர் பின்னாலிருந்து, வாய் பேசாமல், பிள்ளையின் கையை நடத்துவார். நாளடைவில் பின்னாலிருப்பவர் விலகிக் கொள்வார். நம் பையன் நான்காம் நாள் தானே அட்டையை எடுத்து நீட்டினான். நம் கையை இழுத்தவன், நம் கையில் கொடுத்தவனானான். இந்த வித்தியாசத்தை நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. படம் காட்டிப் பழகினால் பேச்சே வராது என்று அஞ்ச வேண்டாம். ஆராய்ச்சிகள் அப்படிக் காட்டவில்லை. சிலருக்கு அதுவே பேச்சுக்குப் படியாகிறது. பேச்சு வராதவர்க்கு அதுவே குரலாகிறது.

5. முறை வைத்து விளையாடுதல். பந்தை உருட்டிவிட்டு அவன் திருப்பி உருட்டக் காத்திருத்தல்; அவனுக்குப் பழக்கமான பாட்டைப் பாடி, கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துதல்; கிச்சுகிச்சு மூட்டிச் சட்டென நிறுத்துதல். "இன்னும்" என்று அவன் கண்ணாலோ கையாலோ கேட்டால் மீண்டும் தொடங்குதல். உரையாடல் என்பதே ஒருவர் பின் ஒருவராக முறை எடுப்பதுதானே!

6. சொன்னதையே திரும்பச் சொன்னால் கோபிக்கலாகாது. "தண்ணி வேணுமா?" என்று நாம் கேட்டால், "தண்ணி வேணுமா" என்றே அவனும் சொல்வான். அது கேலியன்று, தண்ணீர் வேண்டும் என்பதை அவனறிந்த வழியில் சொல்கிறான். ஆகவே அவன் வாயில் வரவேண்டிய சொல்லையே நாம் சொல்லித் தர வேண்டும்: "தண்ணி வேணும்."

7. அடுத்து நடப்பதை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். "முதலில் குளிப்பு, பிறகு பிஸ்கட்" என்று இரண்டு படத்தை வரிசையாக வைத்துக் காட்டினால் பாதி அழுகை நின்றுபோகும். பெருநாள் கூட்டத்தில் காதைப் பொத்திக் கொண்டால் அது பிடிவாதமன்று, காது நோகிறது. அமைதியான ஓர் அறையை முன்பே ஒதுக்கி வைப்பது நலம்.

8. பழக்கத்தை ஒருவரோடு தொடங்க வேண்டும். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு "ஸலாம் சொல்லு, ஸலாம் சொல்லு" என்றால் பிள்ளை மேஜைக்கு அடியில்தான் ஒளிவான். ஒரே பெரியவர், ஒரே நேரம், ஒரே இடம். கை நீட்டினால் போதும். அதையே ஸலாமாக ஏற்க வேண்டும். விளையாட்டுக்கும் அவ்வாறே; பொறுமையுள்ள ஒரு பிள்ளை, பத்து நிமிஷம், இருவருக்கும் பிடித்த ஒரு விளையாட்டு.

இவையெல்லாவற்றிலும் பெரியது ஒன்றுண்டு. பண்டம் வேண்டும் என்று காட்டுவது ஒன்று. "இதோ பார்" என்று, வேறெதுவும் வேண்டாமல், தான் கண்டதைப் பிறரோடு பங்கிட்டுக் கொள்ளக் காட்டுவது மற்றொன்று. இரண்டாவதே இப்பிள்ளைகளுக்கு மிகக் கடினம். பேச்சு வளர்ச்சிக்கு அடித்தளமும் அதுவே என்கிறார்கள். நாமே சுட்டிக் காட்டி, வியந்து காட்டி, நாள்தோறும் பழக்க வேண்டும். நம் பையனுக்கு ஐந்து வயதானபோது ஒரு நாள் மாலை, கல்லாவில் இருந்த நம் சாரத்தைப் பிடித்திழுத்தான். பிஸ்கட்டுக்குத்தான் என்று நினைத்தோம். அவன் அரிசி மூட்டையின் மேல் தூங்கிய பூனையைச் சுட்டிக் காட்டி, நம் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நாமும் பார்க்க வேண்டும், அவ்வளவே. அன்று கடையை நேரத்தோடு அடைத்துவிட்டோம்.

எந்த மொழியில் பேசுவது?

தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழி கலந்ததால்தான் பிள்ளை குழம்பினான், தமிழை விட்டுவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நம்மிடமும் சொன்னார்கள். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்குவதாகவும் ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. நம் தாயாருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. வீட்டில் தமிழை நிறுத்தியிருந்தால், பிள்ளையிடம் இடைவிடாது பேசக் கூடியவரின் வாயை அல்லவா அடைத்திருப்போம்! எம்மொழி நம் நாவில் இயல்பாக வருகிறதோ அம்மொழியில் பேசுவதே நலம்.

ஏமாற வேண்டாம்

இதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. உண்டென்று விற்பவர் உண்டு. உடம்பிலுள்ள உலோகத்தை எடுக்கிறோம் என்று ஊசி போடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பூசியால் வருகிறது என்ற பேச்சுக்கு ஊக்கம் தந்த 1998-ஆம் ஆண்டின் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக் கொண்டது. தடுப்பூசியை நிறுத்தினால் அம்மை வரும்; ஆட்டிசம் போகாது. மற்றவர் சொல்லும் தாயத்துக்கும் தகட்டுக்கும் நாமும் கொஞ்சம் பணம் செலவிட்டோம். பணம் போனது பெரிதன்று; காலம் போனதே பெரிது.

எங்கே போவது?

மலேசியாவில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். அங்கிருந்து ஆஸ்பத்திரி நிபுணரிடம் அனுப்புவார்கள். உறுதியானபின் சமூகநலத் துறையில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறலாம். 1986-ல் தோன்றிய நாசோம் என்னும் தேசிய ஆட்டிசச் சங்கமும் உண்டு. சிங்கப்பூரில் பாலிகிளினிக் வழியாகப் பிள்ளை வளர்ச்சி நிபுணரிடம் போகலாம். பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளுக்கு அரசாங்க உதவியோடு ஆரம்பப் பயிற்சி நிலையங்கள் நடக்கின்றன. காத்திருப்போர் பட்டியல் நீளமாயிருந்தால், மேலே சொன்னவற்றை அன்றே வீட்டில் தொடங்கிவிடலாம். அவற்றுக்கு எவர் அனுமதியும் வேண்டாம்.

நம் கடமை

வியாபாரிகளாகிய நம்மிடம் ஒரு வேண்டுகோள். கடையில் ஒரு பிள்ளை கீழே புரண்டு அழுதால், "வளர்த்த லட்சணம்" என்று தாயின் காதில் விழச் சொல்லாதீர்கள். கொஞ்சம் இடம் விட்டு, சத்தத்தைக் குறைத்து, காத்திருங்கள். ஒரு பிள்ளை படத்தையோ காசையோ நீட்டினால், கூட வந்தவரிடம் கேட்காமல் அவனிடமே வாங்கி, அவன் கையிலேயே சரக்கைக் கொடுங்கள். உங்களுக்கு அது அரை நிமிஷம். அவனுக்கு ஒரு பாடம்.

நம் பையனுக்கு இப்போது ஆறு வயது. சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறான்; கூட்டம் கண்டால் இன்னும் ஒளிகிறான். வாரத்தில் ஒரு நாள், கடை அடைக்கும் நேரத்தில், ஒரு வெள்ளி கொடுத்து, "பெரியத்தா, பிஸ்கட் வேணும்" என்று வாங்கிப் போகிறான். மீதிச் சில்லறைக்குக் காத்து நிற்கவும் கற்றுக் கொண்டான்.

குடும்பத்தில் மூத்தவர்களாயிருக்கும் சகோதரர்களே! பிள்ளையைப் பற்றித் தாய் வந்து சந்தேகம் சொன்னால், நாம் செய்ததைச் செய்யாதீர்கள். மறுநாளே கடையை அரை நாள் பூட்டிவிட்டு, நீங்களும் கூடப் போங்கள்.