உள்ளே இருப்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க: ஆராய்ச்சி தொடங்கும் தங்கைக்கு அக்காவின் 6 டிப்ஸ்

மண்பானை வாங்கும்போது அம்மா விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள், ஞாபகம் இருக்கிறதா? 'டங்' என்று கேட்டால் வாங்குவாள். சத்தம் செத்திருந்தால் எங்கோ கீறல் என்று வைத்துவிடுவாள். நீ எடுத்திருக்கும் 'இன்வெர்ஸ் ப்ராப்ளம்' அந்த வேலைதான். பகுதி வகைக்கெழுச் சமன்பாடு கையில் இருக்கிறது, அதன் கெழு மட்டும் தெரியாது. வெளியே அளந்ததை வைத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருஷம் நான் பட்ட பாட்டை நீயும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஒரு கம்பியில் ஆரம்பி
வெப்பம் சீராகப் பாயும் ஒரு கம்பி. வெப்ப ஓட்டத்தை வெப்பநிலைச் சரிவால் வகுத்தால் கடத்துத்திறன் வந்துவிடும். சுலபம்தானே? இப்போது அளவில் 0.0001 பிழை சேர்த்துப் பார். இடைவெளி 0.0001 வைத்துச் சரிவு கண்டால், அதில் 2 வரை பிழை ஏறும்! இரண்டாம் வகைக்கெழு 1-ஐத் தாண்டாது என்றால், இடைவெளியை 0.02 ஆக்கு, பிழை 0.02-க்குள் அடங்கிவிடும். பொடிப்பொடியாக நறுக்கினால் துல்லியம் கூடும் என்ற நினைப்பு அன்றோடு போய்விடும். சரிவே இல்லாத இடத்தில் கடத்துத்திறனைப் பற்றி அளவு எதுவும் சொல்லாது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்.

2. மூன்று கேள்வி கேள்
விடை இருக்கிறதா? ஒன்றே ஒன்றுதானா? அளவு கொஞ்சம் பிசகினால் விடையும் கொஞ்சம்தான் பிசகுமா? பிரெஞ்சுக் கணிதர் ஹடமார் 1902-லேயே வைத்த சோதனை இது. நம் கணக்குகள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் விழும்.

3. 'ஒரே விடை' என்றதும் நிம்மதி அடையாதே
அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது ஆல்பெர்ட்டோ கால்டெரான் மனதில் எழுந்த கேள்வி: ஒரு பொருளின் மேற்பரப்பில் மட்டும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, உள்ளே கடத்துத்திறனைச் சொல்ல முடியுமா? 1980-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். மூன்று பரிமாணத்திலும் அதற்கு மேலும், வழவழப்பான கடத்துத்திறனுக்கு ஒரே விடைதான் என்று 1987-ல் சில்வெஸ்டரும் உல்மனும் நிறுவினார்கள். ஆனால் அதற்கு அடுத்த வருஷமே அலெஸ்ஸாந்திரினி காட்டிய நிலைப்புத்தன்மை மடக்கை வேகத்தில்தான் இருந்தது. அதைவிடப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்பது 2001-ல் மாண்டாக்கே கண்ட முடிவு. அளவைப் பத்து மடங்கு துல்லியமாக்கினாலும் விடை அதே மாதிரி துல்லியமாகாது.

4. கையில் எத்தனை அளவு என்று எண்ணு
மார்பைச் சுற்றி 16 மின்முனை வைத்து நுரையீரலைப் படம் பிடிக்கிறாய் என்று வை. தனித்தனியான அளவுகள் அதிகபட்சம் 16 × 15 ÷ 2 = 120. உடலைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் மெஷ்ஷில் 5,000 முக்கோணம் போட்டு, ஒவ்வொன்றிலும் கடத்துத்திறன் தேடினால் மீதியை எங்கிருந்து கொண்டுவருவாய்? நீ வைக்கும் அனுமானம்தான் அதை நிரப்புகிறது.

5. அனுமானத்தைத் தெரிந்தே வை
டிகோனவ் 1963-ல் தந்த ரெகுலரைசேஷன் இதற்குத்தான். கெழு மெதுவாக மாறும் என்று நினைத்தால் அதன் சரிவுக்கு அபராதம் போடு. உறுப்புகளின் விளிம்பு கூர்மையாக வேண்டுமென்றால் 'டோட்டல் வேரியேஷன்' எடு. அபராதம் எவ்வளவு? மோரசாவ் சொன்ன வழி எளிது: உன் விடைக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம், கருவியின் பிழை அளவுக்கு இறங்கியதும் நிறுத்து. அதற்குக் கீழே போனால் இரைச்சலைத்தான் படமாக வரைகிறாய்.

6. உன் நிரலை நீயே ஏமாற்றாதே
இதை மட்டும் மறக்கவே மறக்காதே. என் முதல் படம் அவ்வளவு அழகாக வந்தது; சோதனைக்கு நான் உள்ளே வைத்த வட்டம் வட்டமாகவே இருந்தது. கைடு ஒன்றே ஒன்று கேட்டார்: "டேட்டாவை எந்த மெஷ்ஷில் உருவாக்கினாய்?" விடை தேடிய அதே மெஷ்ஷில்தான். அன்றிரவு வேறு மெஷ்ஷில் டேட்டா எடுத்து, 1 சதவீத இரைச்சல் சேர்த்து ஓட்டினேன். வட்டம் இருந்த இடத்தில் ஒரு கலங்கல்தான் தெரிந்தது. டேட்டாவை உருவாக்கிய அதே மெஷ்ஷில் விடை தேடுவதற்கு இந்தத் துறையில் 'இன்வெர்ஸ் கிரைம்' என்றே பெயர். நான்கு மாத உழைப்பு போனது என்று அழுதேன். ஆனால் என் ஆராய்ச்சி உண்மையில் தொடங்கியது அந்தக் கலங்கலில்தான்.

இப்படி எடுக்கும் நுரையீரல் படங்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரின் மூச்சைக் கண்காணிக்கப் பார்க்கிறார்கள், தங்கச்சி. அதனால் நீ போடும் ஒவ்வொரு படத்தின் கீழேயும் மூன்றை எழுதி வை: எவ்வளவு இரைச்சல், எவ்வளவு அபராதம், எந்த இரண்டு மெஷ். இன்று ஓட்டும் முதல் படத்திலிருந்தே எழுது.