பப்பாளி வைக்கப்போகும் தம்பிக்கு



திருமங்கலத்தில் புதிதாகக் கட்டிய வீட்டின் கொல்லையில் பப்பாளி வைக்க விரும்புவதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அதில் உரத்தைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்டிருக்கும் நீ, ஜலத்தைப் பற்றி ஒன்றுமே கேட்காதிருப்பது எனக்குக் கவலையாயிருக்கிறது. ஏனெனில் வீட்டுப் பப்பாளி பட்டினியால் மாண்டதை நான் கண்டதில்லை, மிதமிஞ்சிய தண்ணீரால் மாண்டதை என் கொல்லையிலேயே கண்டிருக்கிறேன்.

ஓர் ஐப்பசி அடைமழையில், பதினெட்டுக் காய்களோடு நின்ற மரத்தின் அடியில் மூன்று நாள் நீர் தேங்கியது. நான்காம் நாள் குனிந்து பார்த்தபோது, தரையை ஒட்டிய தண்டு நனைந்த வெல்லம்போல் கசிந்து, விரல் பட்ட இடத்தில் தோல் வழுக்கிக்கொண்டு உரிந்தது. அந்த வாரத்துக்குள் காய்களின் பாரம் தாங்காமல் மரம் சாய்ந்தது. பப்பாளியை மரம் என்பது உபசார வார்த்தையே. உள்ளே வைரம் கிடையாது, தண்டின் நடுவே வெறும் கூடுதான். உன் ஊர்க் கரிசலோ குடித்த நீரை எளிதில் விடாத ஸ்வபாவமுடையது. ஆகையால் ஒன்றரை அடிக் குழியில் தொழு உரமும் மணலும் கலந்து நிரப்பி, அரை முழம் மேடாக்கி அதன்மேல் நடு. தண்ணீரைத் தண்டில் படாமல் ஓரடி தள்ளி வட்டப் பாத்தியில் விடு.

குழிக்கு மூன்று கன்றுகள் வை. ஐந்தாறு மாதம் கழித்துப் பூக்கும்போதுதான் ஆணும் பெண்ணும் தெரியும்: நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாய்த் தொங்குவது ஆண், தண்டோடு ஒட்டி அடிபருத்து நிற்பது பெண். அப்போது ஆணைப் பிடுங்க மனம் கூசும். ஆயினும் மகரந்தத்துக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிடுங்கிவிடு. அவ்வளவு துணிவில்லையெனில், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1997-இல் வெளியிட்ட கோ-7 ரகத்தை வாங்கு. அதில் ஆண் மரமே கிடையாது.

மாவுப்பூச்சி கண்டால் பதறி மருந்தடிக்காதே. இம்மரம் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு நம் தேசத்துக்கு வந்தது. அதன் தாயகப் பிரதேசத்துப் பூச்சியோ நானூறு வருஷங்களுக்கு மேல் கழித்து, 2008-இல், கோயம்புத்தூரில் தலைகாட்டிற்று. மெழுகுப் போர்வைக்குள் ஒளிந்த அதனை விஷ மருந்துகள் சரிவர எட்டாமற்போகவே, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு மிகச்சிறு குளவியைத் தருவித்து விட்டார்கள். அக்குளவிதான் அதை அடக்கிற்று. அவசரத்தில் நீ தெளிக்கும் மருந்து அந்தக் குளவியைத்தான் முதலில் கொல்லும். வெண்மை படர்ந்த இலையைக் கிள்ளி எரித்துவிட்டு, மற்றதை நீரை வேகமாய்ப் பீய்ச்சிக் கழுவு.

இக்கடிதத்தோடு, என் மரத்துப் பழத்தின் விதைகளைச் சாம்பலில் பிசைந்து வழுவழுப்பைப் போக்கி, நிழலில் உலர்த்திப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். நாட்பட்டால் முளைப்பு குன்றும். வைகாசியிலேயே பைக்கு நான்காக ஊன்றி, ஆடியில் குழிக்கு மாற்று. ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.