வீட்டை இழுக்கும் வண்டி

அமெரிக்க நாட்டில் விடுமுறைக் காலம் வந்துவிட்டால், நெடுஞ்சாலைகளில் வீடுகளும் ஊர்வலம் போகத் தொடங்கிவிடும். முன்னே ஒரு பிக்கப் டிரக். அதன் பின்னே கொக்கியில் மாட்டிய சிறு வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் அதனுள் அடக்கம். இதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். மேற்படிப்புக்கும் வேலைக்குமாக நம்மவர் பலர் அந்நாட்டில் குடியேறியிருக்கின்றனர். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இப்படிப் புறப்பட விரும்புவோர் முதலில் கேட்பது, "எந்த டிரக் வாங்கலாம்?" என்பதே. இதற்கு விடை கூறப் பள்ளியில் நாம் கற்ற நெம்புகோல் பாடமே பெரும்பாலும் போதும்.

ஒரு டிரக் 4,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் கூறுவதாகக் கொள்வோம். இந்த எண் பொய்யன்று. எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் சங்கத்தின் ஜே 2807 தரமுறைப்படி, அரிசோனாவின் டேவிஸ் அணைச் சாலையிலுள்ள நீண்ட ஏற்றத்தைக் கொண்டு இழுவைத் திறன் கணிக்கப்படுகிறது. ஆனால் அக்கணக்கில் வண்டிக்குள் இருப்போர் இருவரே. ஆளுக்கு 68 கிலோ. பாட்டியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, அரிசி மூட்டையும் இல்லை!

இனி, கொக்கியைக் கவனிப்போம். டிரெய்லர் பின்னால் இழுபடுவது மட்டுமன்று. கொக்கியைக் கீழ்நோக்கி அழுத்தவும் செய்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின்மேல் இருக்கவேண்டும் என்பது பொது விதி. இதைக் குறைத்தால் நல்லதன்றோ என்று தோன்றும். ஒரு பொம்மை வண்டியின் பின்னால் இரு சக்கரப் பொம்மை டிரெய்லரை மாட்டி இழுத்துப் பாருங்கள். பளுவை அச்சுக்கு முன்னே வைத்தால் அது நேராக வரும். அச்சுக்குப் பின்னே வைத்தால் வேகம் கூடக்கூட வாலாட்டத் தொடங்கி, இறுதியில் முன் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். ஆகவே கொக்கிச் சுமை தவிர்க்க முடியாதது. அதை டிரக் தாங்கியே ஆகவேண்டும்.

இப்போது கணக்கிடுவோம். பொருள்களும் தண்ணீரும் நிரப்பிய டிரெய்லரின் எடை 3,000 கிலோ என்க. கொக்கிச் சுமை 100க்கு 13 என்றால் 390 கிலோ. ஐவர் அடங்கிய குடும்பம் 350 கிலோ. இணைப்புக் கருவிகள் 40 கிலோ. ஆகக் கூடுதல் 780 கிலோ. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆட்களும் சுமையும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்பது அதில் உண்டு. அந்த எண் 700 கிலோ எனில், இந்த வண்டி இக்குடும்பத்துக்குப் பொருந்தாது. இழுவைத் திறனில் மூன்றில் இரண்டு பங்கையே பயன்படுத்தினோம். ஆயினும் ஏற்றும் திறன் 80 கிலோ மீறிவிட்டது! மயிற்பீலியே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தது இதைத்தான்.

அந்த 390 கிலோ எங்கே போய்ச் சேருகிறது? கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரு அச்சுகளின் இடைவெளி 3.7 மீட்டர் என்று கொள்வோம். பின் அச்சே நெம்புகோலின் தாங்குபுள்ளி. 390ஐ 1.2ஆல் பெருக்கி 3.7ஆல் வகுத்தால் ஏறக்குறைய 126 வரும். முன் அச்சு 126 கிலோ இலேசாகிறது. பின் அச்சில் 516 கிலோ கூடுகிறது. திசை திருப்புவன முன் சக்கரங்கள் அல்லவா? அவற்றின் பிடிப்புக் குறைந்தால் வளைவில் ஆபத்து. சுமையைப் பகிரும் வில் அமைந்த இணைப்பு இக்குறையைப் பெரிதும் சரிசெய்யும். ஆனால் கதவுச் சீட்டிலுள்ள எண்ணை அது உயர்த்தாது.

அடுத்து, மலைப்பாதை. கொலராடோவில் 70ஆம் எண் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தருகே ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 5,700 கிலோ. 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏற்றம். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 84 கிலோவாட், அதாவது 112 குதிரைத்திறன் வேண்டும். காற்றின் தடை இதற்கு மேல். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 100க்கு 30 குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குத் தளரும். இறங்கும்போதோ அதே 84 கிலோவாட்டில் பெரும்பகுதியைப் பிரேக்குகள் வெப்பமாக மாற்றவேண்டும். ஆகையால் தாழ்ந்த கியரில் இறங்குவதும், டிரெய்லருக்குத் தனிப் பிரேக்கும், அதை இயக்கும் கருவி டிரக்கில் இருப்பதும் இன்றியமையாதவை.

அங்கே அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று டிரக்குகளை வகுப்பர். இவை பழைய பெயர்களே. உண்மையான திறன் அன்று. ஒரே மாதிரியிலேயே எஞ்சினுக்கும் அலங்காரத்துக்கும் ஏற்ப ஏற்றும் அளவு மாறும். டீசல் எஞ்சின் வலிமை மிக்கது, எடையும் மிக்கது, அந்த எடை ஏற்றும் அளவிலிருந்தே கழியும்.

எனவே முறை இதுவாகும். முதலில் டிரெய்லரைத் தேர்க. அதன் வெற்று எடையை விட்டு, நிரம்பிய எடையைக் கொள்க. கொக்கிச் சுமையை 100க்கு 15 என்றே வைத்துக் குடும்பத்தின் எடையைக் கூட்டுக. பிறகு கடைக்குச் சென்று, விலைச் சீட்டுக்கு முன் கதவுச் சீட்டைப் படிக்க. வாங்கியபின், முதற் பயணத்துக்கு முன் யாவரையும் ஏற்றி, லாரிகள் நிற்கும் நிலையத்தின் எடைமேடையில் ஒருமுறை நிறுத்துக. எண் மிஞ்சினால் சுமையைக் குறைக்கலாம். அல்லது சிறிய டிரெய்லரைத் தேடலாம். பின் இருக்கையில் உறங்கிக்கொண்டு வரும் பாட்டிக்கும் பேரனுக்கும் இந்தக் கணக்கு தெரியவேண்டியதில்லை. ஓட்டுபவர் தெரிந்திருந்தால் போதும்.